மனநல வார்டு போஸ்டிங்கில் பிள்ளைகள் கற்றுத் திரும்புவது என்ன? நர்சிங் கல்லூரி முதல்வர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டு நர்சிங் கல்லூரிகளின் முதல்வர்களுக்கும், மனநலச் செவிலியப் பாடம் எடுக்கும் சக ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

ஐந்தாம் பருவப் பிள்ளைகளை மனநல வார்டுக்கு அனுப்பும் காலம் நெருங்கிவிட்டது. ரொட்டேஷன் பிளான் உங்கள் மேசைக்கு வந்திருக்கும், அல்லது இந்த வாரம் வந்துவிடும். அதில் கையெழுத்துப் போடும் முன் இந்த மடலை ஒருமுறை படித்துவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பல வருடங்களாக இந்தப் பாடத்தைத்தான் எடுக்கிறேன். சொல்ல வருவது ஒரே விஷயம். பிள்ளைகள் பயத்தோடு போகிறார்கள், பரிதாபத்தோடு திரும்புகிறார்கள். "பரவாயில்லை, மாறிவிட்டார்கள்" என்று நாமும் திருப்திப்பட்டுக்கொள்கிறோம். அதை மாற்றம் என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. மனநோய் வந்தவர் சொல்வதை நம்பிக் காது கொடுக்க ஒரு பிள்ளை கற்றுக்கொள்ளவில்லை என்றால், நாளைக்கு அவள் வேலை பார்க்கப்போகும் கேஷுவாலிட்டியிலும் ஐசியுவிலும் பிரசவ வார்டிலும் நோயாளிக்குத்தான் ஆபத்து.

பயத்திலிருந்தே தொடங்குகிறேன். போஸ்டிங் லிஸ்ட் ஒட்டிய அன்று சாயங்காலமே வீடுகளிலிருந்து போன் வரும். "மேடம், பொம்பளப் புள்ள... அங்கெல்லாம் அனுப்பித்தான் ஆகணுமா? வேற வார்டு மாத்திக் குடுங்களேன்." காசநோய் வார்டுக்கு அனுப்பியபோது இப்படி ஒரு போன்கூட எனக்கு வந்ததில்லை. காசநோய் தொற்றும், மனச்சிதைவு தொற்றாது. இது பெற்றோருக்குத் தெரியாமல் போகலாம். மூன்றாம் வருடப் பிள்ளைக்குத் தெரியும். தெரிந்தும் அவள் கேட்கிற முதல் கேள்வி, "கதவு பூட்டியிருக்குமா மேம்?" என்பதுதான்.

ஹாஸ்டலில் சீனியர்கள் சொல்லும் கதைகள் வேறு. யாரோ யாருடைய முடியையோ பிடித்து இழுத்தார்களாம், யாரோ கடித்துவிட்டார்களாம். நேரில் பார்த்தது யார் என்று கேட்டால் ஒருவரும் இல்லை. இதற்கு மேல் நாம் நடத்தும் ஓரியன்டேஷன்: அடையாள அட்டைக் கயிற்றைக் கழற்றிவிடு, சேஃப்டி பின் குத்தாதே, முதுகைக் காட்டி நிற்காதே, தனியாகப் பேசாதே, ஊர் பேர் சொல்லாதே. இதில் பாதி தேவையான எச்சரிக்கைதான், நானும் சொல்கிறேன். ஆனால் வார்டைப் பற்றி நம் வாயிலிருந்து வரும் முதல் பேச்சே இதுதான் என்றால், பிள்ளை முதல் நாளே ஒரு முடிவோடுதான் உள்ளே நுழைவாள். மனநோய் உள்ளவர்களில் பெரும்பாலானோர் யாரையும் அடிப்பதில்லை, அடிபடுகிறவர்களாகத்தான் அதிகம் இருக்கிறார்கள் என்பது பாடத்தில் இருக்கிறது. அதற்கு ஒரு வரி, எச்சரிக்கைக்கு ஒரு மணி நேரம். இத்தனை வருடத்தில் நர்ஸ் மேல் கை ஓங்கியவர்கள் என்று நான் நேரில் பார்த்தவர்களில் பாதிக்கு மேல் கேஷுவாலிட்டிக்கு நோயாளியோடு குடித்துவிட்டு வந்த உறவினர்கள். கேஷுவாலிட்டி போஸ்டிங்குக்கு நாம் இப்படி ஒரு ஓரியன்டேஷன் நடத்துவதில்லை.

சரி, உள்ளே போகிறார்கள். யாரைப் பார்க்கிறார்கள்?

சென்னையைச் சுற்றியுள்ள கல்லூரிகளில் பலவும் கீழ்ப்பாக்கத்துக்குத்தான் அனுப்புகின்றன. 1794இல் கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில் தொடங்கிய காப்பகம் அது. 1871இல் இப்போதைய இடத்துக்கு வந்தது. 1922இல் அரசு மனநல மருத்துவமனை ஆனது, 1978இல் மறுபடியும் பெயர் மாறியது. இருநூறு வருடத்துக்கு மேல் மனநோய்க்கு வைத்தியம் பார்த்த இடத்தின் பெயரை நாம் இன்னும் கேலிக்குத்தான் வைத்திருக்கிறோம். நம் பிள்ளைகளும் அந்தக் கேலியைக் காதில் வாங்கிக்கொண்டேதான் பஸ் ஏறுகிறார்கள்.

நீண்டகாலம் தங்கியிருப்பவர்களின் வார்டுகளில் நோய் தணிந்தும் வீடு திரும்ப முடியாதவர்கள் இருக்கிறார்கள். முகவரி தவறு, அண்ணன் வீட்டை விற்றுவிட்டுப் போய்விட்டார், பிள்ளைகள் போனை எடுப்பதில்லை. போஸ்டிங் போன மாணவி இதையெல்லாம் கேஸ் ஷீட்டில் படிப்பதில்லை. வெட்டிய தலைமுடியும் ஒரே மாதிரி உடுப்பும் வராந்தாவில் குந்தியிருக்கும் கோலமும் கண்ணில் படுகின்றன. 'மனச்சிதைவு வந்தால் இப்படித்தான் ஆகிவிடுவார்கள்' என்று மனதில் பதிகிறது. அவள் பார்த்ததில் பாதிதான் நோய், மீதி குடும்பம் கைவிட்டதன் விளைவு. இரண்டையும் பிரித்துச் சொல்லிக்கொடுக்க வேண்டியவர்கள் ஆசிரியர்கள். அந்த நேரத்தில் நாம் வார்டு சிஸ்டர் அறையில் அட்டெண்டன்ஸ் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

1984இலேயே பாட்ரிசியா கோஹன், ஜேக்கப் கோஹன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதற்கு 'மருத்துவரின் மாயை' என்று பெயர் வைத்தார்கள். குணமானவர் மருத்துவமனைக்கு வருவதை நிறுத்திவிடுகிறார், குணமாகாதவர் திரும்பத் திரும்ப வருகிறார். மருத்துவமனையிலேயே இருப்பவர்களின் கண்ணுக்கு இரண்டாமவர் மட்டுமே படுவதால், அந்த நோயே தீராத நோய் என்று தோன்றிவிடுகிறது. அனுபவம் உள்ள டாக்டர்களுக்கே இந்த மயக்கம் வருகிறதென்றால், சில வார போஸ்டிங்கில் உள்நோயாளிகளை மட்டும் பார்த்துத் திரும்பும் பத்தொன்பது இருபது வயதுப் பிள்ளையைக் குறை சொல்லி என்ன செய்ய?

அடுத்து ஃபைல். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லியாக வேண்டும்.

எம்எஸ்ஈ என்ற மனநிலைப் பரிசோதனை இத்தனை, நோயாளியோடு பேசியதை எழுதும் ப்ராசஸ் ரெக்கார்டிங் இத்தனை, கேஸ் ஸ்டடி, கேஸ் பிரசென்டேஷன், ஹெல்த் டாக், டிரக் ஃபைல் என்று ஒரு பட்டியலைக் கையில் கொடுத்து அனுப்புகிறோம். ஒரே வார்டில் ஒரே நாளில் மூன்று கல்லூரிப் பிள்ளைகள் நிற்பார்கள். 'நன்றாகப் பேசுகிற பேஷன்ட்' யார் என்று தேடி எல்லோரும் அவரையே மொய்ப்பார்கள். அப்படி ஒரு அம்மாவை நான் பார்த்திருக்கிறேன். ஐம்பதைத் தாண்டியவர். ஒரு பிள்ளை ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்ததும் அந்த அம்மாவே ஆரம்பித்துவிட்டார்: "தொண்ணூத்தி மூணு, எண்பத்தி ஆறு, எழுபத்தி ஒம்பது... எழுதிக்கிட்டியா? அடுத்து பழமொழி கேப்ப, கேளு." நூறிலிருந்து ஏழேழாகக் கழிக்கச் சொல்லும் கேள்வி. எத்தனை வருடமாக எத்தனை பேட்ச்சுக்கு அவர் இதை ஒப்பித்தாரோ! பிள்ளை சிரித்துவிட்டு வரிசையை விடாமல் கேட்டுக்கொண்டே போனாள். கடைசியில் ஜட்ஜ்மென்ட். "ரோட்டுல ஸ்டாம்ப் ஒட்டின லெட்டர் ஒண்ணு கெடக்குது. என்னம்மா பண்ணுவீங்க?" அந்த அம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தார். "இப்ப யாரு பாப்பா லெட்டர் போடுறா?"

ஃபைலில் அவள் எழுதியிருந்தது: ஜட்ஜ்மென்ட், இம்பேர்டு. அதாவது, முடிவெடுக்கும் திறன் குறைவு.

தபால் பெட்டியில் போடுவேன் என்பதுதான் சரியான விடை என்று சீனியர் ஃபைலில் இருக்கிறது. எதிரே உட்கார்ந்திருப்பவர் தன்னைவிடக் கூர்மையாகப் பதில் சொன்னார் என்பது பிள்ளைக்கு உறைக்கவில்லை. காரணம், அவர் சொல்வது எதுவும் நோயின் அறிகுறியாகத்தான் இருக்க முடியும் என்ற எண்ணத்தோடுதான் அவள் உட்கார்ந்திருந்தாள். திருத்திய ஆசிரியரும் டிக் போட்டுக் கையெழுத்து வைத்திருந்தார்.

ப்ராசஸ் ரெக்கார்டிங் கதையும் இப்படித்தான். ஹில்டகார்ட் பெப்லோ 1950களில் நர்சுக்கும் நோயாளிக்கும் இடையிலான உறவையே மனநலச் செவிலியத்தின் மையமாக வைத்தார். பேசியதை அப்படியே எழுதச் சொன்னதன் நோக்கம், நர்ஸ் தன்னையே பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது. நான் ஏன் அங்கே பேச்சை மாற்றினேன்? அவர் அழுதபோது ஏன் எழுந்துவிட்டேன்? நம் ஃபைலில் அந்தக் கட்டத்துக்கு இடமே இல்லை. 'தெரப்யூட்டிக் டெக்னிக்' என்ற பத்தியில் 'ஓப்பன் எண்டட் கொஸ்டின்' என்று எழுதினால் மார்க் உண்டு. "எனக்குப் பயமாக இருந்தது" என்று எழுதினால் சிவப்பு மையில் கோடு.

ஒரு நல்லதையும் சொல்லிவிடுகிறேன். இசிடி என்ற மின் அதிர்வு சிகிச்சையைப் பார்க்கப் போகும்போது பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க வேண்டும். சினிமாவில் பார்த்ததை நினைத்து நடுங்கிக்கொண்டு போவார்கள். மயக்க மருந்து கொடுத்து, தசை தளர்த்தும் மருந்து போட்டு, சில நிமிடத்தில் முடிந்து, நோயாளி எழுந்து காபி கேட்கும்போது, "இவ்ளோதானா மேம்?" என்பார்கள். மயக்க மருந்தில்லாமல் இசிடி கொடுப்பதை 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை செய்திருக்கிறது என்பதை அந்த இடத்தில் சொன்னால் ஜென்மத்துக்கும் மறக்க மாட்டார்கள். நேரில் பார்த்தால் பயம் போகும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம். பயம் போன இடத்தில் என்ன வந்து உட்காருகிறது என்பதுதான் கேள்வி.

மனநோயாளிகளைப் பற்றிய மனப்பான்மையை அளக்க உலகம் முழுக்கப் புழங்கும் கேள்வித்தாள் ஒன்று உண்டு. டெய்லர், டியர் என்ற இருவர் 1981இல் கனடாவில் வடிவமைத்தது. நம் எம்எஸ்சி பிள்ளைகள் ஆய்வுக்கு எடுப்பதும் பெரும்பாலும் இதுதான், அல்லது இதன் சாயலில் இன்னொன்று. நாற்பது வாக்கியங்கள், நான்கு பிரிவுகள். அதில் ஒன்று இரக்கம். போஸ்டிங் முடிந்ததும் நம் பிள்ளைகளுக்கு இந்தப் பிரிவில் மார்க் ஏறிவிடும். அதே பிள்ளையிடம், "குணமாகி மாத்திரை சாப்பிடுகிற ஒருவருக்கு உங்கள் மாடி போர்ஷனை வாடகைக்கு விடுவீர்களா? உங்கள் அக்காவைப் பெண் கேட்டு வந்தால்?" என்று கேட்டுப்பாருங்கள். "பாவம்தான் மேம், ஆனா..." என்று இழுப்பாள்.

அந்தப் பாவத்துக்கு வார்டில் ஒரு நடைமுறையும் இருக்கிறது. அறுபது வயதுப் பெரியவரை, வங்கியில் காசாளராக இருந்து ஓய்வு பெற்றவரை, "வா, உக்காரு, சமத்தா மாத்திரை போட்டுக்கோ" என்று கூப்பிடுவது. பக்கத்து மெடிக்கல் வார்டில் அதே வயதுக்காரரை அதே பிள்ளை "ஐயா, எந்திரிங்க" என்பாள். யாரும் சொல்லிக்கொடுத்து வந்த வித்தியாசம் இல்லை. ஸ்டாஃப் பேசுவதைப் பார்த்துத் தானாக ஒட்டிக்கொள்கிறது.

"இருக்கட்டும், எத்தனை பேர் மனநலத்துக்கு வேலைக்குப் போகப்போகிறார்கள்?" என்று நீங்கள் கேட்கலாம். ஆஸ்திரேலியாவில் நர்சிங் மாணவர்களின் வேலை விருப்பத்தைப் பற்றி நடந்த ஆய்வுகளில் மனநலம் தொடர்ந்து கடைசி வரிசையில்தான் இருந்திருக்கிறது. இங்கேயும் கையை உயர்த்தச் சொன்னால் வகுப்பில் ஒன்றிரண்டு கை தூக்கினால் அதிகம். அந்த ஒன்றிரண்டு பேரைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. கை தூக்காத மற்றவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஒரு மருத்துவமனையில் நடந்தது. கல்லூரியில் படிக்கும் பையன், முந்தின இரவு கட்டுக்கடங்காமல் கத்தியதால் கேஷுவாலிட்டியில் ஹாலோபெரிடால் ஊசி போட்டு மெடிக்கல் வார்டில் படுக்க வைத்திருந்தார்கள். காலையில் அவன் கழுத்து ஒரு பக்கமாக முறுக்கிக்கொண்டது. கண்கள் மேலே சொருகின, நாக்கு தடித்துப் பேச்சு குழறியது. அம்மா, "சாமி வந்துடுச்சு" என்று அழுதார். ஸ்டாஃப் எட்டிப் பார்த்துவிட்டு, "ஆக்டிங் குடுக்குறான், கண்டுக்காதீங்க" என்று போய்விட்டார். பக்கத்தில் பிபி பார்த்துக்கொண்டிருந்த மாணவி மனநல போஸ்டிங் முடித்தவள். இந்த மாதிரி ஊசியின் பக்கவிளைவாகத் தசை முறுக்கிக்கொள்ளும் அக்யூட் டிஸ்டோனியாவைப் பற்றி ஐந்து மார்க் கேள்விக்குப் பக்கம் நிறைய எழுதி முழு மார்க் வாங்கியவள். அவளும் பேசாமல் நின்றாள். ரவுண்ட்ஸ் வந்த டாக்டர் பார்த்த மாத்திரத்தில் அதற்கு முறிவான ஃபெனர்கான் போடச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் கழுத்து நேரானது. பையன் சொன்ன முதல் வார்த்தை, "நான் நடிக்கலம்மா, எனக்கு வலிச்சுது."

பிற்பாடு அந்த மாணவியிடம் கேட்டேன். "இஞ்செக்ஷன் ஷீட்டைப் பார்த்தியா?" பார்த்திருக்கிறாள். "என்னன்னு தோணுச்சு?" "சைக்கியாட்ரி பேஷன்ட்தானே மேம், அதான் அப்படிப் பண்றான்னு நெனச்சேன்." மருந்தும் அவளுக்குத் தெரியும், பக்கவிளைவும் தெரியும், முறிவும் தெரியும். அவ்வளவையும் அந்த ஒரு எண்ணம் மறைத்துவிட்டது. மனப்பான்மை என்பது நல்ல குணம் சம்பந்தப்பட்ட விஷயம், பாடத்தில் கடைசி அலகில் வைத்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர்களுக்கு இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வேன். எண்ணம் சரியில்லாத இடத்தில் படித்த படிப்பு வேலை செய்யாது.

கடுமையான மனநோய் உள்ளவர்கள் மற்றவர்களைவிடப் பத்து முதல் இருபது வருடம் முன்னதாகவே இறக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதில் பெரும்பகுதி மாரடைப்பு, சர்க்கரை, தொற்று என்று சாதாரண உடல்நோய்கள். மனச்சிதைவுக்கு மாத்திரை சாப்பிடும் ஒருவர் நெஞ்சு வலிக்கிறது என்றால் ஈசிஜி எடுக்கும் முன் அவருடைய பழைய ஃபைலைத்தான் புரட்டுகிறோம். லித்தியம் என்ற மனநல மருந்து சாப்பிடுகிறவருக்கு வாந்தி, பேதி, கை நடுக்கம் என்றால் ரத்தத்தில் லித்தியம் அளவு பார்க்கச் சொல்ல வேண்டும். மனச்சிதைவுக்கு க்ளோசபின் சாப்பிடுகிறவருக்குக் காய்ச்சலும் தொண்டை வலியும் வந்தால் வெள்ளணு எண்ணிக்கையைப் பார்த்தாக வேண்டும். 'அவங்க எப்பவும் எதாவது சொல்லிக்கிட்டேதான் இருப்பாங்க' என்ற ஒரு வாக்கியம் இத்தனையையும் தள்ளிப்போட்டுவிடும்.

எலும்பு முறிவு வார்டில் ஆபரேஷன் முடிந்து மூன்றாம் நாள் கை கால் உதறி, சுவரில் பூச்சி ஊர்கிறது என்று கத்தும் குடிப்பழக்கக்காரர் இன்னொருவர். அது குடி திடீரென நின்றதால் வரும், உயிர் போகக்கூடிய நிலை. நாம் காஸ் துணியால் கட்டிலோடு கையைக் கட்டிவிட்டு, "குடிகாரன்" என்று நகர்ந்துவிடுவோம். கட்டுவதற்கும் ஒரு முறை இருக்கிறது: வேறு வழியே இல்லாதபோது மட்டும், மனநல மருத்துவர் அனுமதித்து, பதிவேட்டில் எழுதி, நோயாளியின் சார்பில் இருக்கும் நியமனப் பிரதிநிதிக்கு 24 மணி நேரத்துக்குள் தெரிவித்து. மனநோயாளிகளின் பாதுகாப்புக்காக அதே 2017 சட்டத்தின் 97ஆம் பிரிவு இதைச் சொல்கிறது. பொது வார்டில் கேட்பார் இல்லை. சங்கிலியால் பிணைப்பதை 95ஆம் பிரிவு அடியோடு தடை செய்கிறது. அது ஏன் வந்தது என்று பிள்ளைகளிடம் கேளுங்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகத்தில் சங்கிலியோடு கட்டப்பட்டு 28 பேர் தீயில் கருகி இறந்தபோது இப்போதைய பேட்ச் பிறந்திருக்கவே இல்லை. பாடப்புத்தகத்தில் சட்டப் பிரிவு இருக்கிறது, அதற்குப் பின்னால் உள்ள ஊர் இல்லை.

தற்கொலைக்கு முயன்று வருகிறவர்களைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022இல் தமிழ்நாட்டில் 19,834 பேர் தற்கொலை செய்துகொண்டார்கள். மகாராஷ்டிரத்துக்கு அடுத்த இடம். முயன்று பிழைத்தவர்கள் இதைவிடப் பல மடங்கு. அவர்களில் மருத்துவமனைக்கு வருகிறவர்கள் கேஷுவாலிட்டி வழியாகத்தான் வருகிறார்கள். அங்கே நின்று நான் காதால் கேட்பது: "பெத்தவங்கள நெனச்சுப் பாத்தியா?" "சாகணும்னா வீட்லயே செத்திருக்க வேண்டியதுதானே, எங்க உயிர ஏன் எடுக்குற?" குழாய் மூக்கில் இறங்கிக்கொண்டிருக்கும்போது இந்தத் திட்டு விழும். பக்கத்தில் ட்ரே பிடித்துக்கொண்டு நிற்கும் மாணவி இதையும் வேலையின் ஒரு பகுதி என்று கற்றுக்கொள்கிறாள்.

தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருதப்பட வேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது, அவருக்குப் பராமரிப்பும் சிகிச்சையும் தருவது அரசின் கடமை என்று 2018 மே 29 முதல் நடைமுறையில் உள்ள மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு சொல்கிறது. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309ஆம் பிரிவும் 2024 ஜூலை 1 அன்று இந்திய தண்டனைச் சட்டத்தோடு சேர்ந்து போய்விட்டது. சட்டம் மாறியும் கேஷுவாலிட்டியில் விசாரணைத் தொனி மாறவில்லை. ஒருமுறை முயன்றவர் மறுபடி முயலும் வாய்ப்பு அதிகம். டிஸ்சார்ஜ் ஆகிப் போகும்போது, "இப்பவும் அந்த எண்ணம் வருதா?" என்று ஒரு நர்ஸ் நேராகக் கேட்பதும், 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவித் தொலைபேசி) எண்ணைச் சீட்டின் பின்னால் எழுதிக் கொடுப்பதும் எத்தனை நிமிட வேலை? கேட்டால் எண்ணம் தூண்டப்படும் என்று பிள்ளைகள் இன்னும் நம்புகிறார்கள். கேட்பதால் அப்படி ஆவதில்லை.

இன்னொன்றும் இருக்கிறது, அதைப் பற்றி நம் ஸ்டாஃப் மீட்டிங்கில் பேசுவதே இல்லை. இந்த மனப்பான்மை பிள்ளைகள் மேலேயே திரும்பி விழுகிறது. ஹாஸ்டலில் தூக்கமில்லாமல், சாப்பிடாமல், பாத்ரூமில் அழுகிற பிள்ளைகள் ஒவ்வொரு பேட்ச்சிலும் உண்டு. ஒரு மாணவி மனச்சோர்வுக்கான செர்ட்ரலின் மாத்திரையை வைட்டமின் டப்பாவில் மாற்றிப் போட்டு வைத்திருந்தாள். என்னிடம் சொன்னபோது அவள் கேட்டது மருந்தைப் பற்றி இல்லை: "என் ரெக்கார்ட்ல ஏறாதுல்ல மேம்? ஃபிட்னஸ் குடுப்பாங்கல்ல?" அவளோடு போஸ்டிங் போய்வந்த தோழிகள் மெஸ்ஸில் உட்கார்ந்து வார்டு நோயாளிகளைப் போல நடித்துக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அதைக் கேட்டுக்கொண்டே அவளும் சாப்பிட்டிருக்கிறாள். எந்த தைரியத்தில் வாயைத் திறப்பாள்? பெங்களூரு மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் தலைமையில் 2015-16இல் நடந்த தேசிய மனநலக் கணக்கெடுப்பு, பெரியவர்களில் 10.6 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு மனநலக் கோளாறு இருப்பதாகச் சொன்னது. தமிழ்நாடும் அந்தக் கணக்கெடுப்பில் இருந்தது. நோயைப் பொறுத்து 70 முதல் 92 சதவீதம் பேர் சிகிச்சைக்கே வரவில்லை. அந்த வராதவர்களில் நம் வகுப்பில் வெள்ளைக் கோட்டுப் போட்டு உட்கார்ந்திருப்பவர்களும் அடக்கம்.

இனி நான் கேட்பது.

போஸ்டிங்கின் வரிசையை மாற்றுங்கள். இதுதான் முதன்மையானது, மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான். பூட்டிய வார்டு முதலில் வேண்டாம், புறநோயாளிப் பிரிவு (ஓபி) முதலில் வரட்டும். மாதம் ஒருமுறை மாத்திரை வாங்க வருகிறவர்களின் வரிசையில் பிள்ளைகள் போய் உட்காரட்டும். பனியன் கம்பெனியில் ஷிஃப்ட் முடித்து வருகிறவர், டீக்கடை வைத்திருப்பவர், பிள்ளையை ஸ்கூலில் விட்டுவிட்டு ஓடி வருகிற தாய். "எத்தனை வருஷமா மாத்திரை சாப்பிடுறீங்க?" என்று கேட்டால் பன்னிரண்டு என்பார், பதினைந்து என்பார். இவரைப் பார்த்த பிறகு வார்டுக்குப் போகும் பிள்ளைக்கு, உள்ளே இருப்பவரும் ஒருநாள் இந்த வரிசையில் வந்து நிற்கக்கூடியவர் என்று தெரிந்திருக்கும். இதற்காகச் சென்னை வரைக்கும் வர வேண்டியதில்லை. 1996இல் மாவட்ட மனநலத் திட்டம் நாடு முழுக்க நான்கே மாவட்டங்களில் தொடங்கியபோது அதில் ஒன்று நம் திருச்சி. இன்று எல்லா மாவட்டத்திலும் அந்தக் குழு இருக்கிறது, தாலுகா மருத்துவமனைகளில் முகாம் நடத்துகிறது. உங்கள் கல்லூரி பஸ் போகும் தூரம்தான். சமுதாய நலச் செவிலியப் பாடமும் அதே ஐந்தாம் பருவத்தில் வருகிறது. இரண்டு துறை ஆசிரியர்களும் உட்கார்ந்து பேசினால் வீட்டு விசிட்டையும் இதோடு சேர்த்துவிடலாம்.

குணமாகி வாழ்கிறவர்களை வகுப்புக்கு அழையுங்கள். வேடிக்கை காட்ட வேண்டாம். பாடம் எடுக்க அழைத்து, கெஸ்ட் லெக்சருக்குக் கொடுக்கும் அதே மதிப்பூதியத்தையும் கொடுங்கள். ஆஸ்திரேலியாவிலும் இங்கிலாந்திலும் நோயின் அனுபவம் உள்ளவர்களே நர்சிங் மாணவர்களுக்கு ஆசிரியர்களாக இருக்கிறார்கள். நமக்கு ஆள் கிடைக்காதா? கீழ்ப்பாக்கத்தை நெடுநாள் நிர்வகித்த டாக்டர் சாரதா மேனன் 1984இல் தொடங்கிய, மனச்சிதைவுக்கான ஸ்கார்ஃப் அமைப்பு இருக்கிறது, 1993இலிருந்து பேனியன் என்ற மனநலத் தொண்டு நிறுவனம் இருக்கிறது. மாவட்டங்களில் இவர்கள் இல்லாவிட்டாலும் குடும்பத்தினர் இருக்கிறார்கள். மகனை இருபது வருடம் பார்த்துக்கொண்ட ஒரு தாய் ஒரு மணி நேரம் பேசட்டும். "என்னைக்காவது ஒரு நர்ஸ் உங்களை மனசு நோகப் பேசியிருக்காங்களா?" என்று பிள்ளைகளை விட்டே கேட்கச் சொல்லுங்கள். பதில் வரும்.

ஃபைலைப் பாதியாகக் குறையுங்கள். ஒரு நோயாளி, போஸ்டிங் முடிகிற வரைக்கும் அவர் மட்டும். ப்ராசஸ் ரெக்கார்டிங்கில் 'எனக்கு என்ன தோன்றியது' என்று ஒரு பத்தி சேர்க்க வேண்டும், அதற்கு மார்க் கிடையாது. வார்டில் சாயங்காலம் கிளம்பும் முன் அரை மணி நேரம் அந்தப் பத்தியை மட்டும் பேசலாம். பிள்ளைகள் முதல் இரண்டு நாள் ஒன்றும் எழுத மாட்டார்கள். பிறகு எழுதுவார்கள்.

பல்கலைக்கழகத் தேர்வாளர்களாகப் போகும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். வைவா என்ற வாய்மொழித் தேர்வில் டிரக் கிளாசிஃபிகேஷன் கேட்கும் இடத்தில், "ஆர்த்தோ வார்டில் மூன்றாம் நாள் ஒருவர் கத்துகிறார், என்ன செய்வாய்?" என்று கேளுங்கள். தேர்வில் வரும் என்று தெரிந்தால்தான் கல்லூரியில் நடத்துவார்கள். இது நம் நாட்டு நியாயம், உங்களுக்கே தெரியும்.

வரப்போகும் மறுப்புகளையும் அறிவேன். அறுபது பிள்ளைகளை ஓபியில் எங்கே உட்கார வைப்பது, மருத்துவமனை அனுமதிக்குமா, நர்சிங் கவுன்சில் சொன்ன மணிக்கணக்கு குறையுமே என்பீர்கள். ஓபியும் சமுதாய மனநலமும் பாடத்திட்டத்திலேயே கிளினிக்கல் இடங்களாக இருக்கின்றன, மணிக்கணக்கு குறையாது. அறுபது பேரை மொத்தமாக அனுப்ப வேண்டாம், பத்துப் பத்தாகப் பிரிக்கலாம், வார்டுக்கும் அப்படித்தானே பிரிக்கிறோம். கூடப்போக ஆசிரியர் இல்லை என்பது மட்டும் உண்மையான சிக்கல். பல கல்லூரிகளில் இந்தப் பாடம் வேறு ஸ்பெஷாலிட்டி முடித்தவர் தலையில் கட்டப்படுகிறது. அவருக்கே வார்டுக்குள் போகத் தயக்கம் இருந்தால் பிள்ளைகளை எப்படிக் கூட்டிப்போவார்? மனநலச் செவிலியத்தில் எம்எஸ்சி முடித்தவர்களை மற்ற பாடங்களுக்கு மாற்றிப் போடும் பழக்கத்தை நிறுத்துவது நிர்வாகத்தின் கையில் இருக்கிறது.

எல்லாவற்றையும் இந்தப் பருவத்திலேயே செய்யச் சொல்லவில்லை. முதல் வாரத்தை மட்டும் ஓபிக்கும் மாவட்ட மனநலத் திட்ட முகாமுக்கும் மாற்றுங்கள். அதற்கு உங்கள் மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கும் மாவட்ட மனநல மருத்துவருக்கும் தலா ஒரு அனுமதிக் கடிதம் போக வேண்டும், அவ்வளவுதான். நான் எழுதி அனுமதி வாங்கிய கடிதத்தின் நகலும், பத்துப் பத்தாகப் பிரித்த ரொட்டேஷன் பிளானும் இருக்கின்றன. கேட்கிற கல்லூரிக்கு அனுப்பிவைக்கிறேன். பேட்ச் கிளம்பும் முன் கேளுங்கள்.

இப்படிக்கு,
மனநலச் செவிலியப் பாட ஆசிரியை ஒருவர்